டார்ச் விளக்குக்கு மின்கலம் வாங்கும் முன்னர்

இல்லமும் அறிவியலும்

வீட்டிலுள்ள பொருள்களுள், வேண்டும்போது மட்டும் தேடப்பட்டு மற்றைய நாள்களில் அறவே மறக்கப்படுவது டார்ச் விளக்கு. மின்சாரம் நின்ற மறுகணம் அது எங்கே என்று இருட்டில் தடவுகிறோம். கைக்குக் கிடைத்த பின்னரே அதனுள் இருக்கும் மின்கலம் உயிரோடு உள்ளதா என்னும் ஐயம் எழுகிறது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்த கஜா புயல், நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் மின்கம்பங்களைப் பல்லாயிரக்கணக்கில் சாய்த்துவிட்டது. சிற்றூர்கள் பல வாரக்கணக்கில் இருளில் இருந்தன. கைவிளக்கு ஒன்றின் அருமையை அந்நாள்களில் அம்மாவட்டத்து மக்கள் அறிந்ததுபோல் வேறு எவரும் அறிந்திருக்க இயலாது.

முன்னாளில் டார்ச் என்றால் தகரக் குழாய். அதனுள் இரண்டோ மூன்றோ பேட்டரிக் கட்டைகள். கட்டை தீர்ந்தால் எறிந்துவிட்டுப் பெட்டிக்கடையில் புதிது வாங்குவோம். இன்று உள்ளங்கையில் அடங்கும் விளக்கு ஒன்று தெருக்கோடி வரை ஒளி வீசுகிறது. அதற்கு ஆற்றல் தருவது மீண்டும் மீண்டும் மின்னேற்றிப் பயன்படுத்தத்தக்க லித்தியம் அயனி மின்கலம். இக்கலத்தை வாங்குவதில் இரண்டு இடர்கள் உள்ளன. அறியாமல் வாங்குவோர் ஏமாற்றப்படுவது ஒன்று. தகாத கலம் தீப்பற்றுவது மற்றொன்று. முன்னதில் காசு மட்டுமே போகும். பின்னதில் வீட்டுக்கே கேடு வரலாம். ஆதலின் இம்மாதம் இப்பகுதியில் அதனைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத முற்படுகிறோம்.

இக்கலம் தோன்றிய வரலாறு

1970-களில் அமெரிக்காவில் எக்சான் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஸ்டான்லி விட்டிங்ஹாம் என்னும் அறிஞர், லித்தியம் உலோகத்தைக் கொண்டு மின்னேற்றத்தக்க கலம் ஒன்றை உருவாக்கினார். ஆற்றல் மிக்கதாயினும் அது தீப்பற்றும் இயல்புடையதாக இருந்தது. 1980-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃப், கோபால்ட் ஆக்சைடைப் பயன்படுத்திக் கலத்தின் மின்னழுத்தத்தை ஏறத்தாழ இரு மடங்காக உயர்த்தினார். 1985-இல் ஜப்பானிய அறிஞர் அகிரா யோஷினோ, லித்தியம் உலோகத்தை அறவே நீக்கி, அதன் அயனிகள் தங்கியிருக்கக் கரிப்பொருளை அமைத்தார். கலம் இல்லத்துக்குள் வரத்தக்க அளவு பாதுகாப்புப் பெற்றது இம்மாற்றத்தினாலேதான். 1991-இல் சோனி நிறுவனம் இதனை முதன்முதலாக விற்பனைக்குக் கொணர்ந்தது. இம்மூவருக்கும் 2019-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்போது குடினஃபுக்கு வயது 97. நோபல் பரிசு பெற்றோருள் அவரே மிக மூத்தவர்.

கலத்தின் உள்ளமைப்பு எளிதில் விளங்கத்தக்கது. செப்புத் தகடு ஒன்றின்மேல் பென்சிற்கரியும், அலுமினியத் தகடு ஒன்றின்மேல் உலோக ஆக்சைடும் பூசப்பட்டுள்ளன. இரண்டும் ஒன்றையொன்று தொடாதவாறு இடையே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்றை வைத்து, பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டி, உலோகக் குப்பியில் இட்டு, திரவம் ஒன்றை நிரப்பி மூடுகின்றனர். மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடிலிருந்து கரிக்குச் செல்லும். விளக்கு எரியும்போது திரும்பி வரும். இப்போக்குவரத்தே கலத்தின் வாழ்வு. அத்திரவம் எளிதில் தீப்பற்றக் கூடியது என்பதையும், படலம் தலைமயிரினும் மெல்லியது என்பதையும் நினைவிற் கொண்டால், பின்னர்க் கூறப்போகும் எச்சரிக்கைகளின் காரணம் தானே விளங்கும்.

எண்கள் கூறும் செய்தி

கடையில் கேட்டால், 18650, 21700, 14500 என்று ஐந்து இலக்க எண்களைக் கூறுவர். இவை விலையோ வரிசை எண்ணோ அல்ல. கலத்தின் உடல் அளவுகள். முதல் இரு இலக்கங்கள் விட்டத்தையும், அடுத்த இரண்டும் நீளத்தையும் மில்லிமீட்டரில் குறிக்கும். ஈற்றிலுள்ள சுழி, கலம் உருளை வடிவினது என்பதன் அடையாளம். எனவே 18650 என்பது 18 மி.மீ. பருமனும் 65 மி.மீ. நீளமும் உடையது. 21700 அதனினும் சற்றே பெரியது. 14500 என்பது சுவர்க் கடிகாரத்தில் இடும் சிறிய பேட்டரியின் அளவை ஒத்தது. இவ்வொப்புமையால் விளையும் கேட்டைப் பின்னர்க் காண்போம்.

அடுத்தது மின்னழுத்தம். சாதாரணப் பேட்டரிக் கட்டைக்கு 1.5 வோல்ட். லித்தியம் அயனிக் கலத்துக்கு 3.6 அல்லது 3.7 வோல்ட் என்று குறித்திருப்பர். முழுமையாக மின்னேற்றினால் அது 4.2 வோல்ட் வரை உயரும்; தீரும் நிலையில் 3 வோல்ட்டுக்கும் கீழே இறங்கும்.

மூன்றாவது கொள்ளளவு. இதனை மில்லி ஆம்பியர்-மணி என்னும் அலகால் குறிப்பர்; உறையில் எம்.ஏ.எச். என்று அச்சிட்டிருக்கும். 3400 என்றிருப்பின், 3400 மில்லி ஆம்பியர் வீதம் ஒரு மணி நேரமோ, 340 வீதம் பத்து மணி நேரமோ அக்கலம் மின்னோட்டம் தரும் எனப் பொருள் கொள்க. கொள்ளளவை மின்னழுத்தத்தால் பெருக்கினால் அதிலுள்ள மொத்த ஆற்றல் கிடைக்கும். 3400 மில்லி ஆம்பியர்-மணி என்பது 3.4 ஆம்பியர்-மணி, அதனை 3.6 ஆல் பெருக்க, ஏறத்தாழ 12 வாட்-மணி.

இக்கணக்கு இல்லத்தார்க்குப் பெரிதும் பயன்படும். விளக்கு 3 வாட் வீதம் எரிந்தால் 4 மணி நேரம். 1 வாட் வீதம் எரிந்தால் 12 மணி நேரம். சுற்றில் வீணாகும் ஆற்றலால் இது சற்றுக் குறையலாம். ஓர் அறைக்குள் நடமாடவும் உணவு பரிமாறவும் 1 வாட் ஒளியே தாராளம். புயல் இரவில் விளக்கைத் தணித்து எரிப்போர்க்கு ஒரே கலம் பல இரவுகள் கைகொடுக்கும். முழு ஒளியில் வைத்துத் தென்னந்தோப்பின் மறுகோடியை அளந்து பார்ப்போர்க்கு நள்ளிரவுக்கு முன்பே தீர்ந்துவிடும்.

உறையில் அச்சிட்ட பொய்

இனிக் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதிக்கு வருகிறோம். சந்தையில் 18650 அளவுள்ள கலங்களின்மேல் 6800 என்றும், 8800 என்றும், 9900 என்றும் எண்கள் பளபளப்பாக அச்சிடப்பட்டு விற்கப்படுகின்றன. விலையோ 3400 என்று குறித்த நேர்மையான கலத்தின் விலையில் பாதிகூட இராது. எண் மிகுதி, விலை குறைவு, வாங்குவோர் மகிழ்கின்றனர்.

உண்மை யாதெனில், உலகின் தலைசிறந்த உற்பத்தியாளர்களே அந்த அளவுள்ள குப்பியில் 3500 அல்லது 3600-ஐ எட்டப் பல்லாண்டுகள் பாடுபட்டுள்ளனர். அதே குப்பியில் அதனைப் போல் மும்மடங்கு ஆற்றலைப் பெயர் தெரியாத ஒருவர் அடைத்துப் பாதி விலைக்குத் தருகிறார் என்பது, ஒரு படி அளவுள்ள பாத்திரத்தில் மூன்று படி அரிசி கொள்ளும் என்பதற்கு ஒப்பாகும். அத்தகைய கலங்களைச் சோதித்தபோது பலவற்றில் 1000 மில்லி ஆம்பியர்-மணி அளவே இருந்தது. சிலவற்றைப் பிரித்தபோது, உள்ளே சிறிய கலம் ஒன்றை வைத்து, எஞ்சிய இடத்தைத் தூளால் நிரப்பியிருந்ததும் தெரிந்தது. வேறு சில, பழைய மடிக்கணினிகளிலிருந்து கழற்றிய தேய்ந்த கலங்களுக்குப் புது உறை போர்த்தியவை.

இப்பொய்யை வெளிப்படுத்த ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. நல்ல 18650 கலம் ஒன்றின் எடை 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். மளிகைக் கடையின் மின்னணுத் தராசில் வைத்துப் பாருங்கள். 30, 35 கிராமே காட்டினால் ஐயுற வேண்டும். எடை சரியாக இருப்பதனாலேயே கலம் நல்லது என்று துணிந்துவிடவும் இயலாது. தேய்ந்த கலமும் அதே எடை உடையதே. இரண்டாவது சோதனை, எத்துணை மின்சாரம் ஏறியது என்பதைக் காட்டும் சிறு திரையுடைய சார்ஜரைப் பயன்படுத்துவது. விளக்கு தானே அணையும்வரை தீர்ந்த கலத்தை அதில் இட்டால், 3400 என்ற கலம் 3000-க்கு மேல் ஏற்க வேண்டும். 9900 என்ற கலம் 1200-இல் நிறைந்துவிட்டால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

21700 அளவில் 5000 என்பது நம்பத்தக்க எண். 14500 அளவில் 1000-ஐ ஒட்டியே இருக்கும். இவற்றுக்கு மிகவும் மேற்பட்ட எண்ணைக் கண்டால் கலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுக.

காப்புச் சுற்று என்பது யாது?

லித்தியம் அயனிக் கலத்துக்கு மூன்று பகைகள் உண்டு. முதலாவது, 4.2 வோல்ட்டுக்கு மேல் மின்னேற்றுதல்; அப்போது லித்தியம் உலோகமாகப் படிந்தும் ஆக்சைடு சிதைந்தும் வெப்பம் பெருகும். இரண்டாவது, அளவுகடந்து தீரவிடுதல், 2.5 வோல்ட்டுக்கும் மிகக் கீழே போனால் உள்ளிருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். அவ்வாறு கரைந்த கலத்தை மீண்டும் மின்னேற்றினால் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து, இரு தகடுகளையும் உள்ளேயே இணைத்துவிடக் கூடும். மூன்றாவது, இரு முனைகளும் உலோகத்தால் நேரடியாக இணைக்கப்படுதல்.

இம்மூன்றையும் தடுக்க, சில கலங்களின் அடியில் காசளவு மின்சுற்றுத் தகடு ஒன்றைப் பொருத்துகின்றனர். எல்லை மீறும்போது அது மின்னோட்டத்தைத் துண்டித்துவிடும். இதனைக் காப்புள்ள கலம் என்பர். இத்தகடு சேர்வதால் 18650 கலத்தின் நீளம் 65 மி.மீ. என்பதிலிருந்து 68, 70 மி.மீ. வரை கூடும், ஆதலின் சில விளக்குகளில் அது நுழையாமல் போவதும் உண்டு. வாங்கும் முன்னர் விளக்குடன் வந்த குறிப்பேட்டைப் பார்த்துக் கொள்க.

காப்பற்ற கலங்கள், மடிக்கணினி, மிதிவண்டி முதலியவற்றின் மின்கலத் தொகுப்புகளுக்காக ஆக்கப்படுபவை. அத்தொகுப்பில் காப்புச் சுற்று தனியே இருக்கும். எனவே தனிக் கலமாகப் பொதுமக்களுக்கு விற்பதற்கு இவை உரியன அல்ல என்று பெரிய உற்பத்தியாளர்களே கூறுகின்றனர். அமெரிக்க நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் 2021-ஆம் ஆண்டு சனவரியில் இதே எச்சரிக்கையை விடுத்தது. ஜப்பானின் பானசோனிக், முராட்டா, தென்கொரியாவின் சாம்சங், எல்.ஜி., தைவானின் மோலிசெல் ஆகியவை புகழ்பெற்ற உற்பத்தியாளர்கள். சோனியின் மின்கலத் தொழிலை 2017-இல் வாங்கிக் கொண்டது முராட்டாவே. இப்பெயர்களைத் தாங்கிய தனிக் கலம் கடையில் கிடைத்தால், அது எவ்வழியாக அங்கு வந்தது என்று கேட்பது வாங்குவோர் உரிமை.

இல்லத்துக்கு நாம் பரிந்துரைப்பது, விளக்கு ஆக்கிய நிறுவனமே தன் பெயரில், தன் விளக்குக்கென்று விற்கும் காப்புள்ள கலம். விலை சற்றுக் கூடுதல்தான். ஆயினும் அக்கலம் பொருந்துமா, அவ்விளக்குக்கு வேண்டிய மின்னோட்டத்தைத் தருமா என்னும் இரு கேள்விகளுக்கும் விடை அதிலேயே அடங்கிவிடுகிறது.

விளக்குக்கும் கலத்துக்கும் பொருத்தம்

எல்லா டார்ச் விளக்குகளிலும் கலத்தை மாற்ற இயலாது. சிலவற்றில் கலம் உள்ளேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். கலம் முதுமையடைந்தால் விளக்கே பயனற்றுப் போகும். நம் கடைகளில் விற்கப்படும் மின்னேற்றும் விளக்குகள் பலவற்றினுள் லித்தியத்துக்கு மாறாகச் சிறிய ஈய-அமிலக் கலமே இருப்பதும் உண்டு. அவற்றை மாதக்கணக்கில் மின்னேற்றாமல் வைத்தால் கெட்டுவிடும். ஆகவே புதிய விளக்கு வாங்குவோர், கலம் எவ்வகையது, கழற்றத்தக்கதா, வழக்கமான அளவினதா என்ற மூன்றையும் கேட்டு அறிதல் நன்று. நேர்முனையும் எதிர்முனையும் ஒரே பக்கத்தில் அமைந்த தனிவகைக் கலங்களைச் சில நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. அவற்றுக்கு மாற்றுக் கலம் அந்நிறுவனத்திடமே வாங்க வேண்டியிருக்கும்.

14500 கலம் சிறிய பேட்டரியின் உருவத்தை ஒத்தது என்றோம். ஆனால் அதன் மின்னழுத்தம் இரு மடங்குக்கும் மேல். கடிகாரத்திலோ, குழந்தையின் பொம்மையிலோ, 1.5 வோல்ட்டுக்கென அமைந்த விளக்கிலோ அதனை இட்டால் அப்பொருள் கருகிப் போகலாம். இருவகைக் கலங்களையும் ஏற்கும் விளக்குகளும் உள்ளன. குறிப்பேட்டில் அவ்வாறு அச்சிட்டிருந்தாலன்றி முயலற்க. வீட்டில் இவ்விருவகையும் இருந்தால் வெவ்வேறு டப்பாக்களில் வையுங்கள். பெயரையும் எழுதி ஒட்டுங்கள். அண்மைக் காலமாக, உள்ளே மின்னழுத்தத்தைக் குறைக்கும் சுற்று அமைத்து 1.5 வோல்ட்டே தரும் லித்தியம் அயனிக் கலங்களும் கிடைக்கின்றன. அவை வேறு, 14500 வேறு.

லித்தியம் என்ற சொல்லைக் கண்டதும் மின்னேற்றலாம் என்று எண்ணுவதும் தவறு. சி.ஆர். 123 என்னும் 3 வோல்ட் கலமும், சி.ஆர். 2032 என்னும் காசு வடிவக் கலமும் ஒருமுறை பயன்படுத்தி நீக்குதற்குரியவை. அவற்றைச் சார்ஜரில் இட்டால் வெடிக்கும் இடருண்டு. காசு வடிவக் கலத்தைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக் குழாய் வெந்து புண்ணாகும். சற்றும் தாமதியாது மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். தாய்மார் இதனை மறவாதிருப்பாராக.

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கலங்களை வரிசையாக ஏற்கும் விளக்குகளில், புதியதையும் பழையதையும், ஒரு நிறுவனத்தின் கலத்தையும் மற்றொன்றின் கலத்தையும் கலந்து இடலாகாது. வலிவு குன்றிய கலம் முதலில் தீர்ந்துவிடும். வலிய கலம் அதனூடே மின்னோட்டத்தைத் தொடர்ந்து செலுத்த, தீர்ந்த கலம் தலைகீழாக மின்னேற்றம் பெற்றுச் சூடாகி வெடிக்கலாம். இத்தொல்லை வேண்டாதோர் ஒற்றைக் கலத்தில் எரியும் விளக்கையே வாங்குக. இல்லத்தின் தேவைக்கு அதுவே போதும்.

கலத்தின் உறையில் ஐ.என்.ஆர்., ஐ.எம்.ஆர்., ஐ.சி.ஆர்., ஐ.எஃப்.ஆர். என்ற எழுத்துகளைக் காணலாம். நடு எழுத்து முறையே நிக்கல், மாங்கனீசு, கோபால்ட், இரும்பு ஆகியவற்றைக் குறிக்கும். இரும்பு பாஸ்பேட் அடங்கிய ஐ.எஃப்.ஆர். கலம் வெப்பத்தை மிகுதியும் தாங்கவல்லது. நீண்ட ஆயுளும் உடையது. ஆயின் அதன் மின்னழுத்தம் 3.2 வோல்ட்; மின்னேற்றத்தின் எல்லை 3.65 வோல்ட். 4.2 வோல்ட் தரும் சார்ஜர் அதற்கு ஆகாது.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

இந்தியாவில் எடுத்துச் செல்லத்தக்க மின்னேற்றக் கலங்களுக்கு இந்தியத் தர அமைவனத்தின் கட்டாயப் பதிவு உண்டு. ஐ.எஸ். 16046 என்னும் தர எண்ணும், ஆர் என்ற எழுத்துடன் தொடங்கும் பதிவு எண்ணும் உறையிலோ பெட்டியிலோ இருத்தல் வேண்டும். அப்பதிவு எண் உண்மையானதா என்பதை அவ்வமைவனத்தின் கைப்பேசிச் செயலியிலேயே சரிபார்க்கலாம். படித்த பிள்ளைகள் இல்லாத வீடு இன்று அரிது. அவர்களிடம் இப்பணியை ஒப்படையுங்கள்.

உறையில் சிறு கிழிசல்கூட இருத்தலாகாது. இக்கலத்தின் உலோகக் குப்பி முழுவதும் எதிர்முனை; மேலே நேர்முனைக்கும் அதற்கும் இடையே மெல்லிய வளையம் ஒன்றே காப்பு. பிளாஸ்டிக் உறை கிழிந்தால் விளக்கின் உலோகச் சுவரே இரு முனைகளையும் இணைத்துவிடலாம். அழுங்கிய, வீங்கிய, துருவேறிய, இனிய வாடை வீசும் கலத்தை இலவசமாகத் தந்தாலும் வாங்கற்க. மின்னழுத்தம் அளக்கும் கருவி வைத்திருப்போர் புதுக் கலத்தை அளந்து பார்க்கலாம். 3.5 வோல்ட்டை ஒட்டி இருந்தால் நன்று. 2 வோல்ட்டுக்கும் கீழே இருந்தால் மின்னேற்ற முயலாமல் திருப்பிவிடுக. விற்பனைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சீட்டுத் தரத் தயங்கும் கடைக்காரர் பொருளைப் பற்றியும் தயங்குகிறார் என்றே கொள்ளலாம்.

மின்னேற்றும்போது

கலத்துக்கு உயிரும் இடரும் தருவது சார்ஜரே. நல்ல சார்ஜர் முதலில் ஒரே அளவு மின்னோட்டத்தைச் செலுத்தி, 4.2 வோல்ட்டை எட்டியதும் அழுத்தத்தை அங்கேயே நிறுத்தி, மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, முடிவில் தானே அணைந்துவிடும். பழைய நிக்கல் காட்மியம் கலங்களுக்கு வாங்கிய சார்ஜரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. 18650 கலத்துக்கு 1 ஆம்பியர் வேகம் போதும். 3400 கொள்ளளவு நிறைய ஏறத்தாழ 4 மணி நேரம் ஆகும். 14500 போன்ற சிறு கலத்துக்கு அரை ஆம்பியருக்கு மேற்படாதிருத்தல் நலம்.

மின்னேற்றும் இடம் சிமெண்டுத் தரையோ கல்மேடையோ ஆகுக. மெத்தைமீதும், தலையணைக்கடியிலும், திரைச்சீலை அருகிலும், எரிவாயு உருளை உள்ள சமையலறையிலும் வேண்டாம். வீட்டார் அனைவரும் உறங்கும்போதும், கதவைப் பூட்டி வெளியே செல்லும்போதும் மின்னேற்றத்தில் விட வேண்டாம். வெயிலில் கிடந்த கலம் ஆறிய பின்னரே சார்ஜரில் இடுக. 45 பாகை செல்சியசுக்கு மேல் மின்னேற்றுதல் பெரும்பாலான கலங்களுக்கு ஆகாது. சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் அதனினும் மிகுந்து கொதிக்கும்.

கலம் சீறினாலோ, புகைந்தாலோ, கை பொறுக்காத சூடு ஏறினாலோ, அதனை விளக்கிலிருந்து கழற்ற முயலாதீர். இறுக மூடிய உலோகக் குழாய்க்குள் அழுத்தம் பெருகி வெடிக்கக் கூடும். முதலில் பிள்ளைகளையும் முதியோரையும் வெளியேற்றுக. புகை நச்சுத்தன்மை வாய்ந்தது. மின்சாரத்தின் முதன்மை விசையை அணைத்துவிட்டு, தொலைவில் நின்று நீரை மிகுதியாக ஊற்றினால் கலம் குளிர்ந்து தீ பரவுவது குறையும். தீ பெருகுமாயின் 101 அல்லது 112-ஐ அழைத்துவிட்டு வெளியே நில்லுங்கள்.

பேணலும் பயணமும் கழிவும்

தீர்ந்து போகும்வரை காத்திருந்து மின்னேற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் கலத்துக்குரிய வழக்கம். லித்தியம் கலத்துக்கு அது வேண்டா. பாதி தீர்ந்ததும் ஏற்றுவதே அதன் ஆயுளுக்கு நன்று. பல மாதம் பயன்படுத்தாமல் வைப்பதாயின் ஏறத்தாழப் பாதி மின்னேற்றத்தில், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்கலாம். மழைக்காலம் நெருங்கும் ஐப்பசித் திங்களில் முழுமையாக ஏற்றி ஆயத்தமாக வைத்துக் கொள்க. 300 முதல் 500 முறை வரை மின்னேற்றிய பின்னர்க் கொள்ளளவு படிப்படியாகக் குறைவது இயல்பே.

தனிக் கலத்தைச் சாவிக் கொத்தோடும் சில்லறைக் காசோடும் சட்டைப் பையில் போடுவது பெருந்தவறு. பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் இட்டே எடுத்துச் செல்க. வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறையில் வருவோர் வீட்டாருக்கு டார்ச் விளக்கு வாங்கி வருவது உண்டு. விமானத்தில் உதிரி லித்தியம் கலங்களைச் சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைத்தல் விலக்கப்பட்டுள்ளது. முனைகளை மூடி, கையோடு எடுத்துச் செல்லும் பையிலேயே கொண்டு வர வேண்டும். ஒரு கலத்துக்கு 100 வாட்-மணி வரை இசைவு உண்டு. நம் கலமோ 12 வாட்-மணியே.

முதுமையடைந்த கலத்தைக் குப்பைத் தொட்டியில் எறிந்தால், குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பற்றும். அள்ளுகின்ற தொழிலாளியும் நம்மைப் போல் குடும்பம் உடையவரே. 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்தீர்ந்த கலங்களைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளரையும் இறக்குமதியாளரையும் சாரும். முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, வாங்கிய கடையிலோ மின்னணுக் கழிவு பெறும் இடத்திலோ சேர்ப்பித்துவிடுங்கள்.

எல்லார்க்கும் இது வேண்டுமா?

வேண்டும் என்று கூறமாட்டோம். இரவில் வயலுக்கு நீர் பாய்ச்சச் செல்வோர், கடலுக்குச் செல்வோர், காவற்பணி புரிவோர் ஆகியோர்க்கு வலிய ஒளியும் நீண்ட நேரமும் தேவை. லித்தியம் கலம் அவர்களுக்கு உற்ற துணை. மாதம் ஒருமுறை மின்தடையின்போது மாடிப்படி ஏறி இறங்கும் வீட்டுக்கு, சிறிய பேட்டரி அளவிலுள்ள நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மின்னேற்றக் கலமே போதும். அதன் மின்னழுத்தம் 1.2 வோல்ட், கொள்ளளவு குறைவு, ஆயின் தீப்பற்றும் இடர் மிக மிகக் குறைவு. சிறு பிள்ளைகள் கையாளும் விளக்குக்கு அதுவே தக்கது. எவ்வகை விளக்கு வைத்திருப்பினும், மின்னேற்றவே இயலாத நெடும் மின்தடைக்கென்று சாதாரணக் கட்டையில் எரியும் விளக்கு ஒன்றும் வீட்டில் இருத்தல் அறிவுடைமை. அக்கட்டைகளை விளக்கினுள்ளேயே விட்டுவைத்தால் நீர் கசிந்து அரிக்கும். ஆதலின் தனியே எடுத்து வையுங்கள்.

நினைவிற் கொள்ள:

1. 18650 கலத்தில் 3600-க்கு மேற்பட்ட எண்ணை நம்பற்க.

2. காப்புள்ள கலத்தையே, இயன்றவரை விளக்கு ஆக்கிய நிறுவனத்தின் பெயரில் வாங்குக.

3. தர எண்ணும் பதிவு எண்ணும் விற்பனைச் சீட்டும் இன்றி வாங்கற்க.

4. உருவம் ஒத்தாலும் மின்னழுத்தம் ஒவ்வாத கலத்தை இடற்க.

5. தக்க சார்ஜரில், கல்தரையில், கண் எதிரில் மின்னேற்றுக.

6. உறை கிழிந்த, வீங்கிய, சூடேறும் கலத்தை அன்றே விலக்குக.

டார்ச் விளக்கு நம் கைக்கு வருவது பெரும்பாலும் அச்சம் சூழ்ந்த வேளையிலேயே. அந்த வேளையில் அதனை நம்பலாமா என்பது, பல மாதங்களுக்கு முன் கடையில் நின்று நாம் கேட்ட இரண்டொரு கேள்விகளைப் பொறுத்தது. இன்று மாலையே உங்கள் விளக்கின் மூடியைத் திறந்து, உள்ளிருக்கும் கலத்தின் உறையில் எழுதியிருப்பதை ஒருமுறை படித்துப் பாருங்கள்.